ஒருவரை நம்பிக் கொடுப்பதற்கு முன்: படிப்படியாகப் பார்க்கும் முறை

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடியில் பசளை (உரம்), விதைநெல், பூச்சிமருந்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் பாதிக்கு மேல் கடன்தான். விதைப்புக்குச் சாமான் எடுக்கிறவர் வேளாண்மை வெட்டிய பிறகுதான் காசு தருவார். ஐப்பசியில் கொடுத்தது மாசி, பங்குனியில் திரும்பும். அதுவரை என் காசு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல்களில் கிடக்கும். அதனால் ஆளைப் பார்த்து முடிவெடுப்பது எனக்கு ஒவ்வொரு நாளும் உள்ள வேலை.

கடையில் வேலை பழகிய பெடியன்மார், புதிதாகக் கடை போட்ட சொந்தக்காரர், பிணைக் கையெழுத்துக் கேட்கப்பட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வந்த பெண்கள் என்று பலருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் படிகளை முன்பின்னாகப் போட்டுவிடுகிறார்கள். மனம் முதலில் "சரி" என்று சொல்லிவிடும். விசாரணை அதற்குப் பிறகு நடக்கும். அப்படி நடக்கும் விசாரணையில் நமக்குப் பிடித்த பதில்தான் காதில் விழும்.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கடன், வயல் குத்தகை, சீட்டு, பிணை, வெளிநாட்டு முகவர், மாப்பிள்ளை பார்ப்பது என்று எதற்கும் இதே வரிசைதான். எடுக்கும் காலம் மட்டும் கூடிக் குறையும்.

தொடங்குமுன் தேவையானவை

ஒரு சின்னக் கொப்பி. யார், எந்தத் திகதியில், என்ன சொன்னார், பிறகு என்ன செய்தார் என்பதை மட்டும் அதில் எழுதுங்கள். "நல்லவர் போலத் தெரிகிறது" என்று எழுத வேண்டாம். ஞாபகம் பக்கம் சாயும். பிடித்த ஆள் மூன்று தரம் தவணை தவறியதை "ஒருக்காப் பிந்தினார்" என்றுதான் மனம் வைத்திருக்கும்.

ஒரு தொகை. போனால் போகட்டும், வீட்டில் அடுப்பெரியும் என்று சொல்லக்கூடிய தொகை எவ்வளவு என்று முதலே குறித்து வையுங்கள். ஆள் எதிரே வந்து நின்ற பிறகு இந்தக் கணக்கைப் போட முடியாது.

பிறகு காலம். சின்னக் காரியத்துக்கு ஒரு மாதம், பெரிய காரியத்துக்கு ஒரு போகம், அதாவது விதைப்பிலிருந்து வெட்டு வரை. ஒரு நாளில் யாரும் நல்லவராக இருந்துவிடலாம்.

1. எதற்காக நம்பப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"இவர் நம்பக்கூடியவரா?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. "இவர் 40,000 ரூபாய்ச் சாமானுக்குப் பங்குனி முடிவதற்குள் காசு தருவாரா?" என்ற கேள்விக்குப் பதில் உண்டு. "இவர் என் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, முடியும் நாளில் வரம்பு வாய்க்காலோடு திருப்பித் தருவாரா?" என்பதற்கும் உண்டு.

இந்தப் படி முதலில் வருவதற்குக் காரணம், ஒரே மனிதர் ஒரு காரியத்தில் தங்கம், இன்னொன்றில் ஓட்டைப் பானை. எனக்குத் தெரிந்த ஒருவர் காசு விஷயத்தில் ஒரு சதம் பிசகமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு இரகசியம் சொன்னால் மாலைக்குள் சந்தைவரை போயிருக்கும். இன்னொருவர் எப்போதும் பிந்தித்தான் வருவார், ஆனால் பிள்ளைகளை அவரோடு எங்கேயும் அனுப்பலாம். கேள்வியைக் குறுக்கினால் எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெரியும்.

2. உங்கள் அவசரத்தை எடை போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆளைப் பார்ப்பதற்கு முன் நம் நிலையைப் பார்க்க வேண்டும். நமக்கு எவ்வளவு அவசரம்? இந்த ஆள் சரிவராவிட்டால் வேறு வழி இருக்கிறதா?

மகனை எப்படியாவது கட்டாருக்கு அனுப்ப வேண்டும் என்று நகையை அடகு வைத்துவிட்டு முகவரிடம் போகிற தாய்க்கு அந்த முகவர் நல்லவராகவே தெரிவார். அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்ற தேவை அவ்வளவு பெரியது. விதைப்பு நெருங்கி உழவு மெசின் கிடைக்காமல் அலைகிறவருக்கு முற்பணம் கேட்கும் முதல் ஆளே தெய்வம்.

அவசரம் அதிகமென்றால் இரண்டு செய்யுங்கள். முடிவை உங்களோடு சேர்ந்து எடுக்க, அந்த அவசரம் இல்லாத ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொகையைப் பாதியாக்குங்கள். "இண்டைக்கே சொல்லுங்க, இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிரும்" என்று ஒருவர் நெருக்கினால், அதைக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். நாளை வரை பொறுக்காத காரியங்கள் மிகக் குறைவு.

3. முகத்தையும் பேச்சையும் ஓரமாக வையுங்கள்

"எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. 2006இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடொரோவ் இருவரும் செய்த ஆய்வில், அறியாத ஒரு முகத்தை ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்ததுமே அவர் நம்பத்தக்கவரா என்று ஆட்கள் தீர்மானித்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது அந்தத் தீர்மானம் பெரிதாக மாறவில்லை; தம் முடிவு சரி என்ற உறுதிதான் கூடியது.

அதே 2006இல் சார்ள்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ இருவரும் பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 24,000க்கு மேற்பட்டவர்கள் பிறர் சொல்வது பொய்யா மெய்யா என்று தீர்மானித்ததில் சராசரியாக 54 வீதம்தான் சரி. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, கை நடுங்குகிறதா என்று பார்ப்பதில் இவ்வளவுதான் இருக்கிறது.

நம் ஊரில் முகத்தோடு இன்னும் சில அடையாளங்கள் சேரும். கோயில் வண்ணக்கர் (நிருவாகி) என்ற பதவி, நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சாரம், நல்ல உத்தியோகம், "எங்கட குடிதான்" (குடி என்றால் எங்கள் பக்கத்துத் தாய்வழி வம்சம்), "எங்கட ஊர்தான்", "எங்கட ஆக்கள்தான்". இவற்றில் எதுவும் அந்த ஆள் நாளைக்கு என்ன செய்வார் என்று சொல்லாது. ஏமாற்ற நினைப்பவர் முதலில் தேடிப் போட்டுக்கொள்வதும் இந்த அடையாளங்களைத்தான், ஏனென்றால் அவை மலிவு.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். எனக்கு விதைப் பைக்கற் தரும் காத்தான்குடி மொத்த வியாபாரி கடுகடுத்த மனிதர். சிரிக்கவே மாட்டார். முதல் வருடம் அவரோடு தொழில் செய்ய எனக்கு மனமில்லை. ஒரு நாள் அவரே போன் எடுத்தார். "தம்பி, போன லொறியில வந்ததில ரெண்டு பெட்டிக்குத் திகதி முடியப் போகுது. நான் கவனிக்கல்ல. வித்துராதீங்க, மாத்தித் தாறன்." நான் அந்தத் திகதியைப் பார்த்திருக்கவே இல்லை. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இன்றைக்கும் அந்தக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பில்லைச் சரிபார்க்காமல் காசு கொடுக்கிறேன்.

4. செலவில்லாத இடங்களில் கவனியுங்கள்

இனித்தான் ஆளைப் பார்க்கத் தொடங்க வேண்டும். பார்க்க வேண்டியது உங்களுக்கு முன்னால் அவர் நடந்துகொள்ளும் விதத்தை அல்ல. உங்களால் அவருக்கு எந்த இலாபமும் இல்லாத நேரத்தையும், யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைக்கும் நேரத்தையும் பாருங்கள்.

கடையில் மருந்து அடிக்கும் மெசின் இரண்டு வைத்திருக்கிறேன். தெரிந்தவர்களுக்கு ஒரு நாள் இரவல் கொடுப்பேன். திரும்பி வந்ததும் மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பேன். புல்லுக்கு அடித்த மருந்து அடியில் ஒரு விரற்கடை நின்றாலும், அடுத்தவர் அதே மெசினில் பூச்சிக்கு மருந்து ஊற்றிப் பயிருக்கு அடித்தால் நெல் கருகிப்போகலாம். கழுவுவதென்றால் இரண்டு மூன்று தரம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, குழாய் வழியாகவும் அடித்து வெளியேற்ற வேண்டும். களைத்துப்போய் வயலால் வருகிறவருக்கு அது பெரிய வேலை. கழுவாமல் தந்தால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை, நட்டம் யாரென்று தெரியாத அடுத்தவருக்கு.

சிலர் வெளியை மட்டும் துடைத்துப் பளபளப்பாகக் கொண்டுவந்து வைப்பார்கள். சிலர் சேற்றோடு கொண்டுவருவார்கள், ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே சுத்தத் தண்ணீர் மணக்கும், வாய்க்குழாயின் சின்ன வலையைக் கூடக் கழற்றித் தட்டியிருப்பார்கள். இரண்டாவது ஆளுக்கு நான் யோசிக்காமல் கடன் கொடுத்திருக்கிறேன். ஒருவர் கூட இதுவரை என்னை அலையவிட்டதில்லை.

உங்களிடம் மெசின் இல்லாவிட்டால் வேறு இடங்கள் இருக்கின்றன. மிச்சக் காசு கூடுதலாகக் கை மாறியபோது என்ன செய்தார். மூடை ஏற்றும் தொழிலாளியிடம் என்ன குரலில் பேசுகிறார். குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம்) மண்டூருக்குக் கடக்கும்போது சைக்கிளோடு தடுமாறும் கிழவருக்கு இடம் விடுகிறாரா, மோட்டார் சைக்கிளை முன்னால் தள்ளுகிறாரா. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி எப்படிக் கதைக்கிறார். மற்றவர் இரகசியத்தை உங்களிடம் சுவையாகச் சொல்கிறவர் உங்களுடையதை எங்கே சொல்வார் என்று யோசியுங்கள்.

ஒரு தடவையில் முடிவெடுக்க வேண்டாம். எல்லோருக்கும் கெட்ட நாள் உண்டு. மூன்று தனித்தனி நாட்களில் ஒரே மாதிரி நடந்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

5. மூன்று திசையில் விசாரியுங்கள்

"அவர் எப்படி ஆள்?" என்று கேட்டால் "நல்ல மனுசன்" என்றுதான் பதில் வரும். யாரும் பகை தேடமாட்டார்கள். கேள்வியை மாற்றுங்கள். "கடைசியாக அவரோட காசுக் கொடுக்கல் வாங்கல் எப்ப வெச்சீங்க?" "தவணை பிந்தினா அவர் வந்து சொல்லுவாரா, நீங்க தேடிப் போகணுமா?" "இன்னொருக்காக் கேட்டாக் குடுப்பீங்களா?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வர எடுக்கும் நேரத்தையும் கவனியுங்கள்.

யாரிடம் கேட்பது என்பது கேள்வியை விட முக்கியம். அவருக்கு மேலே இருப்பவர் ஒருவர், அவருக்குக் கீழே வேலை செய்தவர் ஒருவர், பக்கத்தில் இருப்பவர் ஒருவர். புதியவர்கள் மேலே இருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மேலே பார்த்து எல்லோரும் பணிவாகத்தான் இருப்பார்கள். வேளாண்மை வெட்டில் அவரிடம் கூலிக்குப் போனவருக்குச் சம்பளம் அன்றைக்கே கிடைத்ததா, மூன்று நாள் நடந்து வாங்கினாரா என்பதை அந்தக் கூலிக்காரர் சொல்வார்.

பக்கத்தில் இருப்பவர் என்றால் வயற்காரருக்கு அடுத்த வரம்புக்காரர். சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இரவில் போய் அடுத்தவன் வக்கடையை (வரம்பில் தண்ணீர் பாயும் வாயை) அடைத்துவிட்டுத் தன் வயலுக்குத் திருப்புகிறவர் யார் என்று அந்த வட்டையில் (வயல்வெளியில்) எல்லோருக்கும் தெரியும். வயல்களுக்குத் தண்ணீர் முறையைக் கவனிக்கும் வட்டை விதானைக்கு நிச்சயம் தெரியும். அவரிடம் "இவர் தண்ணிக்கு எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். குத்தகைக்கு வயல் கொடுக்கும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

கேட்டதை எல்லாம் நம்பவும் வேண்டாம். காணிச் சண்டை, கோயில் நிருவாகச் சண்டை, கல்யாணத்தில் வந்த மனத்தாங்கல் என்று ஊரில் பழைய கதைகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் குறை சொன்னால் "நீங்க கண்டீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்று மெதுவாகக் கேளுங்கள். கேள்விப்பட்டதைக் கொப்பியில் தனிப் பக்கத்தில் போடுங்கள். இரண்டாவது ஆள், முதலாமவரோடு தொடர்பில்லாதவர், கண்டதாகச் சொல்லும்வரை அந்தப் பக்கத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்பது பெரிய அநியாயம். விசாரிக்கிறவர்களே அதைச் செய்துவிடக்கூடாது. விசாரித்ததை வெளியே கதைக்காமல் வைத்திருப்பதும் இந்தப் படியில் அடக்கம்.

6. கடதாசி பார்க்க வேண்டிய இடத்தில் கடதாசியைப் பாருங்கள்

சில காரியங்களில் குணத்தைப் பார்த்துப் பயனில்லை, பதிவைப் பார்க்க வேண்டும்.

காணி என்றால் உறுதியின் (காணிப் பத்திரத்தின்) பிரதியை வாங்கிக் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி என்றால், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. "நாங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டாச் சரிதானே" என்பது சரியில்லை. எழுதித் தருகிறவர் நேர்மையானவராக இருந்தாலும் அந்த எழுத்து நிற்காது. வயலை யார் செய்கிறார்கள் என்பதற்குக் கமநல சேவை நிலையத்தில் வயற்காணி இடாப்பு இருக்கிறது.

வெளிநாட்டு முகவர் என்றால் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உறுதிப்படுத்துங்கள். 1989க்கு அழைத்துக் கேட்கலாம். அனுமதிப்பத்திரம் இருப்பது மட்டும் போதாது, அவர் சொல்லும் அந்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். "விசிட் விசாவில போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கக் கேட்டால், இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து அவர் தன்னுடைய அறிக்கையை எடுத்துத் தரலாம். மக்கள் 'கிரிப்' என்று சொல்வது அதைத்தான். "அதை ஒருக்கா எடுத்துத் தாங்க, நான் கையெழுத்து வைக்கிறன்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. நுண்கடன் குழுவில் சேரும் பெண்களுக்கும் இதைச் சொல்கிறேன். உங்கள் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் அவளுடைய தவணையும் உங்கள் தலையில் வரும். ஆகவே குழுவில் யார் யார் என்பதை நீங்கள் தெரிவு செய்யுங்கள், கடன் கொடுக்க வருகிறவர் அல்ல.

"என்ன, என்னில நம்பிக்கை இல்லையா?" என்று ஒருவர் கேட்டால் பலரும் அந்த இடத்தில் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். பதிலை முதலே தயார் செய்து வையுங்கள். நான் சொல்வது: "உங்களுக்கு மட்டும் இல்ல மாமா, எல்லாருக்கும் இதுதான் முறை." நேர்மையானவர் முகம் சுளிப்பார், ஆனால் கடதாசியைத் தருவார். தருகிறாரா என்பதை மட்டும் பாருங்கள், முகம் சுளித்ததை மறந்துவிடுங்கள்.

7. சின்னத் தொகையில் தொடங்குங்கள், பாய வேண்டாம்

இப்போதுதான் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் தடவை 5,000 ரூபாய்க்குள் ஒரு சாமான், ஒரு திகதி. திகதியை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். நாம் வைத்த திகதியை அவர் மறக்கலாம், தான் சொன்ன திகதியை மறந்தால் அது வேறு விஷயம்.

அந்த நாளுக்கு முதல் நாள் ஞாபகப்படுத்தாதீர்கள். புதியவர்கள் பயத்தில் போன் எடுத்துவிடுவார்கள். பிறகு அவர் வந்தது சொந்தப் பொறுப்பிலா, உங்கள் போனிலா என்று தெரியாமல் போய்விடும்.

இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. 5,000 சரியாக வந்தது, 10,000 சரியாக வந்தது, உடனே 2 இலட்சம் கொடுப்பது. ஏமாற்றத் திட்டமிட்டவர் சின்னத் தொகையை நேரத்துக்கு முன்பே திருப்பித் தருவார். அது அவருக்குச் செலவில்லை, முதலீடு. சீட்டுப் பிடிக்கிறவர்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். முதல் இரண்டு சீட்டு மணி அடித்த மாதிரி நடக்கும், மூன்றாவதில் ஆட்களையும் தொகையையும் கூட்டிவிட்டுக் காணாமல் போவார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறாதீர்கள். நீங்கள் குறித்து வைத்த தொகையை ஒரு போகம் முடியும்வரை தாண்டாதீர்கள்.

8. கெட்ட செய்தி எப்படி வருகிறது என்று பாருங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல காலத்தில் பார்ப்பது. நல்ல காலத்தில் காசு திரும்பி வந்தால் விளைச்சல் நன்றாக இருந்தது என்றுதான் அர்த்தம். ஆளின் உள்ளே இருப்பது தெரிவது, அவரால் சொன்னதைச் செய்ய முடியாமல் போகும் நாளில். அந்த நாளை ஒரு தரமாவது காணும்வரை என் கொப்பியில் யாருக்கும் முழுப் புள்ளி போடமாட்டேன்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது, பசளை கைக்கு வரவில்லை. வயல்கள் மஞ்சளாக நின்றன. 2022 பங்குனியில் வெட்டு மெசினுக்கு டீசல் இல்லாமல் கான்களோடு வரிசையில் நின்றார்கள். என் கொப்பியில் கடன் எழுதியிருந்த யாராலும் முழுதாகத் தர முடியாது என்று எனக்கே தெரிந்திருந்தது.

அந்த மாதம் மண்டூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பாதையால் கடந்து காலை ஏழு மணிக்குக் கடை திறக்குமுன் வந்து படியில் உட்கார்ந்திருந்தார். தவணைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மடியில் முடிந்து வைத்திருந்த காசை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, இந்த முறை ஏக்கருக்குப் பத்து மூடையும் வரல்ல. முழுக்கத் தர ஏலாது. நாலு மூடை வித்த காசு இது. மிச்சம் சிறுபோகம் வெட்டித்தான். அதுக்கும் தண்ணி வந்தாத்தான். பொய் சொல்ல விருப்பமில்ல." நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் முதலில் என்னைக் கொப்பியில் எழுதச் சொன்னார், எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். மிச்சக் காசு வர ஒன்றரை வருடம் சென்றது. இன்றைக்கு அவர் மகனுக்கு நான் எல்லை வைப்பதில்லை.

அதே பங்குனியில் இன்னொருவர், எப்போதும் நேரத்துக்குத் தந்தவர், கடைக்கு முன்னால் போகாமல் கடற்கரை வீதியால் சுற்றிப் போகத் தொடங்கினார். பிறகு நல்ல விளைச்சல் கண்ட போகத்திலும் வரவில்லை. அவரிடம் இருந்தது காசு வசதி மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது.

கெட்ட செய்தியில் நான்கு விஷயம் பார்ப்பேன். தவணைக்கு முன் வந்ததா, பின் வந்ததா. தானே சொன்னாரா, இன்னொருவரிடம் சொல்லி அனுப்பினாரா. இயன்ற அளவு ஏதாவது கொண்டுவந்தாரா. அடுத்தது என்ன என்று திட்டமாகச் சொன்னாரா, "பாப்பம்" என்று முடித்தாரா. முதலாவதுதான் மிகப் பெரியது. முன்கூட்டி வருகிறவர் உங்கள் நட்டத்தையும் யோசித்திருக்கிறார்.

ஆனால் மௌனத்தை உடனே குற்றமாக்கிவிடாதீர்கள். அந்த வருடம் வராமல் இருந்த ஒருவரைப் பற்றி நான் இரண்டு மாதம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மனைவியோடு ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடந்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு தரம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் ஆள் வராவிட்டால் முதலில் நான் போகிறேன், காசு கேட்பதற்கு அல்ல, என்ன நடந்தது என்று கேட்பதற்கு.

9. மாப்பிள்ளை விசாரிக்கிறவர்களுக்கு

எங்கள் பக்கம் வீடு வளவைப் பெண்பிள்ளைக்கு எழுதி, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். அதனால் பிழைத்துப்போனால் பெண்ணும் வீடும் சேர்ந்தே சிக்கலில் மாட்டும். சம்பளம், குடி வம்சம், சாதகம் என்று மூன்று மாதம் பார்த்துவிட்டு, கோபம் வந்தால் பெடியன் என்ன செய்வான் என்று ஒரு நாள் கூட விசாரிக்காமல் விடுகிறார்கள்.

ஐந்தாம் படியில் சொன்ன மூன்று திசை இங்கேயும் உண்டு. அவனுக்குக் கீழே வேலை செய்பவர், அவனோடு அறையில் தங்கியிருந்தவர், அவனுடைய சகோதரிகள். தங்கச்சி அண்ணனைப் பற்றிக் கதைக்கும்போது முகத்தில் பயம் வருகிறதா, உரிமை வருகிறதா என்று பெண்கள் போனால் கண்டுகொள்வார்கள். இரு வீட்டாரும் இருக்கும்போது பெண்ணே ஒரு விஷயத்தில் "எனக்கு இது சரியில்ல" என்று மறுத்துப் பார்க்கட்டும். மறுப்பை அவன் எப்படி எடுக்கிறான் என்பது தெரிந்தால் பாதி விசாரணை முடிந்தது.

10. பிசகினால்

ஒரு பிசகு வந்ததும் ஆளை வெட்டிவிட வேண்டாம். என்ன நடந்தது, ஏன், எப்படிச் சரிசெய்வது என்று மூன்றையும் தானாகச் சொல்கிறாரா பாருங்கள். "மன்னிச்சிருங்க, ஆனா நீங்களும்..." என்று தொடங்கினால் அடுத்த பிசகுக்குத் தயாராகுங்கள். ஒரே பிசகு மூன்றாம் தரம் வந்தால் அந்தக் காரியத்தில் மட்டும் தொடர்பை நிறுத்துங்கள். மற்றக் காரியங்களில் மனிதருக்கு மனிதர் கதைத்துச் சிரித்து இருக்கலாம்.

பேசித் தீராவிட்டால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. வழக்கறிஞர் இல்லாமல் இரு பக்கத்தையும் உட்கார வைத்துக் கதைப்பார்கள். கொப்பியில் திகதியோடு எழுதியிருந்தால் அங்கே அது பெரிய உதவி.

11. நம்ப முடிவெடுத்த பிறகு

கடைசிப் படியில் தவறுகிறவர்கள் கவனமானவர்கள்தான். எல்லாம் பார்த்து, ஒருவரை நம்பலாம் என்று முடிவெடுத்த பிறகும் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டுமென்றே மேசையில் காசை விட்டுப் போவது, ஆள் வைத்துப் பார்ப்பது. நேர்மையான ஆளுக்கு அது தெரிந்த நாளோடு மனம் விட்டுப்போகும். அதன்பின் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வேலை செய்வார்.

கடையில் இப்போது நிற்கும் தம்பிக்கு முதல் ஆறு மாதம் மருந்து அலுமாரிச் சாவி மட்டும் கொடுத்தேன். பிறகு காசு லாச்சி. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கடைச் சாவி. சாவியைக் கொடுத்த அன்றே கணக்கு எப்போது பார்ப்போம் என்றும் பேசி வைத்தோம். ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை, கடை பூட்டிய பிறகு, இருவரும் ஒரே மேசையில். ஒரு மாதம் 850 ரூபாய் குறைந்தது. அவனே முந்தி, "அண்ணன், இந்த மாசம் கணக்குக் குறைஞ்சு நிக்குது, நான் தேடிக்கிட்டு இருக்கன்" என்று வியாழக்கிழமையே சொல்லிவிட்டான். சனிக்கிழமை இரண்டு பேரும் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். நான் எழுதாமல் விட்ட ஒரு யூரியா அரை மூடைதான் அது.